பதினேழுக்கு மேல் ஒரு சிலுவை

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு இறைச்சித் தொழிற்சாலைக்கு வந்த லொறியில் ஆறு கறுத்தப் பசுக்கள் இருந்தன. பத்திநாதன் பின்கதவைத் தூக்கிவிட்டு ஒதுங்கி நின்றான். மாட்டை அவசரப்படுத்தக் கூடாது. அவசரத்தில் வழுக்கி விழுந்தால் தொடையில் இரத்தம் கன்றும். கன்றிய சதையை வெட்டி எறிவார்கள். எறிந்ததற்குக் காசு இல்லை. யாரோ ஒருவர் ஒரு கோடை முழுக்க வைக்கோல் போட்டு ஏற்றிய எடை இந்தச் சரிவுப் பலகையில் ஒரு நொடியில் போய்விடும். ஆகவே அவன் கைகளைக் கட்டி, கண்ணைத் தாழ்த்தி, வேலிக் கட்டை போல நிற்பான். மாடுகளும் அவனை அப்படியே எண்ணிக்கொண்டு இறங்கி வரும்.

மூன்றாவதாக இறங்கிய பசு பாதியில் நின்று காற்றை மோந்தது. அதன் இடது காதில் மஞ்சள் பிளாஸ்டிக் அட்டை ஒன்று தொங்கியது. அட்டையில் கறுத்த மையால் கையெழுத்தில் பதினேழு என்ற எண். எண்ணுக்கு மேலே, நெல்மணி அளவில் ஒரு சிலுவை.

அந்தச் சிலுவையைப் போட்டது பத்திநாதன்தான்.

மன்னாரில் அவன் வீட்டில் எதை எழுதினாலும் முதலில் தாளின் தலையில் ஒரு சிறு சிலுவை போடுவார்கள். கடிதமோ, கடைச் சாமான் பட்டியலோ, பரீட்சைத் தாளோ, அது இல்லாமல் தொடங்காது. சைவக்காரர் பிள்ளையார் சுழி போடுகிற அதே இடம். படகில் வந்து இறங்கி அகதி விண்ணப்பம் நிரப்பியபோதும் அவன் மூலையில் ஒன்று போட்டான். சட்டத்தரணிப் பெண் பேனையால் அதைத் தட்டி, இது எந்தக் கேள்விக்கான பதில் என்று கேட்டாள்.

நான்கு வருடங்களுக்கு முன் இருபது நாகுகளை, கன்று போடாத இளம் பசுக்களை, வாங்கியபோது காதில் குத்தும் அட்டைகளிலும் அப்படித்தான் எழுதினான். முதலில் சிலுவை, பிறகு எண். அவன் மனைவி றோசலின் பக்கத்தில் நின்று சிரித்தாள்.

"இருவது குமருக்குத் தோடு குத்தியாச்சு. இனி சீதனத்துக்கு எங்க போறது?"

அன்றிலிருந்து அந்த அட்டைகளுக்கு அவர்கள் வீட்டில் தோடு என்றுதான் பெயர்.

இறங்கிய ஆறு பசுக்களின் காதிலும் தோடு இருந்தது. மூன்று, எட்டு, ஒன்பது, பன்னிரண்டு, பதினேழு, இருபது. ஆறிலும் சிலுவை. இரண்டு பசுக்களுக்கு மடி இன்னும் வற்றவில்லை. கன்றை அண்மையில்தான் பிரித்திருக்கிறார்கள்.

இருபதும் ஒன்றரை வருடத்துக்கு முன்னர் விற்றாயிற்று என்றுதான் அவனுக்குச் சொல்லப்பட்டிருந்தது.

லொறிச் சாரதி தாளை நீட்டினான். மாட்டோடு வரும் உறுதிமொழித் தாள். உரிமையாளர் என்ற இடத்தில் கிறிஸ்துநாயகம். எவ்வளவு காலமாக உங்களிடம் இருக்கின்றன என்ற கேள்விக்கு, பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் என்ற பெட்டியில் அழுத்தமான ஒரு சரி. அந்தச் சரியின் வால் பெட்டிக்கு வெளியே நீண்டு கிடந்தது. கிறிஸ்துநாயகத்தின் சரி எப்போதும் அப்படித்தான்.

"கையெழுத்தைப் போடு மேட், எனக்கு இன்னும் ரெண்டு இடம் இருக்கு" என்றான் சாரதி.

பத்திநாதன் கையெழுத்துப் போட்டான்.

*

கிறிஸ்துநாயகம் அவன் மகள் கிறிஸ்ரினாவின் ஞானத்தகப்பன். தொண்ணூற்றொன்றில் விமானத்தில் வந்தவர். பெரிக்கில் இரண்டு மாடி வீடு, கூ-வீ-ரப்பில் அறுபது ஏக்கர் காணி, அதைச் சுற்றியுள்ள அஸ்பரகஸ் மரக்கறித் தோட்டங்களுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் வேலை. பத்திநாதனும் றோசலினும் இரண்டாயிரத்துப் பன்னிரண்டின் கடைசியில் தடுப்பு முகாமிலிருந்து மெல்பேணுக்கு வந்து, நோபல் பார்க்கில் ஒரு கராஜுக்குப் பின்னால் இருந்த அறையில் குடியேறியபோது, கத்தோலிக்கக் கோயிலில் அவர்களைத் தேடி வந்து கதைத்த முதல் ஆள் அவர்தான். அப்போது அவர்கள் கையில் இருந்தது தற்காலிக விசா. வேலை செய்ய அனுமதி இல்லாத விசா.

"இருந்து யோசிச்சால் பைத்தியம் பிடிக்கும் தம்பி. விடிய அஞ்சு மணிக்கு றோட்டடியில நில். வான் வரும்."

அப்படித்தான் அவன் மூன்று பருவம் குனிந்து அஸ்பரகஸ் வெட்டினான். சம்பளம் வெள்ளிக்கிழமைகளில் கையில் வந்தது. மற்ற இடங்களை விடக் குறைவு என்பது பின்னாளில்தான் தெரிந்தது. தெரிந்தபோதும் அவனுக்குக் கோபம் வரவில்லை. ஒருவரும் கூப்பிடாத நேரத்தில் கூப்பிட்டவர் அவர்.

இரண்டாயிரத்துப் பதினான்கில் கிறிஸ்ரினா பிறந்தாள். ஞானஸ்நானத் தொட்டியின் முன் அவளை ஏந்தி நின்றவர் கிறிஸ்துநாயகம். தண்ணீர் பட்டுக் குழந்தை வீரிட்டபோது, "என்ர பிள்ளைக்கு நல்ல தொண்டை" என்று சொல்லி அவர் சிரித்ததில் சுவாமியாரும் சிரித்தார்.

பிறகு வேலை அனுமதி வந்தது. பத்திநாதன் இறைச்சித் தொழிற்சாலையில் எலும்பு பிரிக்கும் அறையில் சேர்ந்தான். றோசலின் முதியோர் இல்லம் ஒன்றின் குசினியில் சேர்ந்தாள். விசா மட்டும் அப்படியே இருந்தது. ஆறு மாதம், ஒரு வருடம், பிறகு மறுபடி ஆறு மாதம். சீட்டுப் பிடித்தும் மிச்சம் பிடித்தும் முப்பத்தெட்டாயிரம் டொலர் சேர்ந்தது. அந்தக் காசைப் பற்றி அவர்கள் இருவருக்கும் ஒரே யோசனைதான் இருந்தது. நாளைக்குத் தங்களை ஏற்றி அனுப்பினாலும், இங்கே பிறந்த பிள்ளைக்கு என்று ஏதாவது இங்கே நிற்க வேண்டும்.

அந்த யோசனைக்கு விடை சொன்னவரும் கிறிஸ்துநாயகம்தான்.

"காசு வங்கியில படுத்திருக்கும். மாடு நிண்டு குட்டி போடும். நாகு வாங்குவம். காணி என்ர. மாடு உன்ர. அது போடுற கண்டு பாதி பாதி. உங்களுக்கு ஏதும் ஒண்டு நடந்தால் பிள்ளையின்ர சொத்துக்கு ஞானத்தகப்பன் நான் இருக்கிறன்தானே?"

தலைக்கு ஆயிரத்துத் தொளாயிரம். இருபது தலை. அந்த வருடம் மாட்டு விலை வானத்தில் நின்றது. இனி இறங்காது என்று சந்தையில் நின்ற எல்லாரும் சொன்னார்கள்.

"ஒரு விசயம் பத்தி. உன்ர விசாவில மாடு வச்சிருக்க ஏலாது. காணி நம்பர், மாட்டுப் பதிவு எல்லாம் என்ர பேரிலதான் போடவேணும்."

"அதுக்கென்ன அண்ணை, போடுங்கோ."

அன்று வீட்டுக்கு வந்ததும் றோசலின் கேட்டாள். "ஒரு துண்டாவது எழுதி வாங்கினீங்களோ?"

"ஞானத்தகப்பனிட்டத் துண்டு கேக்கிறதோ? என்ன கதை கதைக்கிறாய்?"

அவளும் பிறகு கேட்கவில்லை. கேட்டது தனக்கே வெட்கமாக இருந்தது என்று அடுத்த நாள் சொன்னாள். ஆனால் அந்தக் கதை எப்படியோ கிறிஸ்துநாயகத்தின் காதுக்குப் போய்விட்டது. அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் வலது கையை விரித்துக் காட்டினார்.

"எங்களுக்குள்ள என்னடா பேப்பர்? உன்ர பிள்ளையைத் தண்ணியில பிடிச்ச கை இது."

*

மாடு நின்று குட்டி போடும் என்பது உண்மைதான். நின்றுகொண்டே தின்னும் என்பதை ஒருவரும் முதலில் சொல்வதில்லை.

ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் பத்திநாதன் கூ-வீ-ரப்புக்குப் போனான். வேலிக்கம்பி இழுத்தான், தண்ணீர்த் தொட்டி கழுவினான், முதுகில் பூச்சி மருந்து ஊற்றினான். காளை வாடகைக்கு வந்தது. ஒன்பதாம் எண் நாகுக்குத் தலைக்கன்று திரும்பிக் கிடந்தது. மிருக வைத்தியர் வந்து சங்கிலி போட்டு இழுத்ததற்கு அறுநூறு டொலர். கன்று பிழைக்கவில்லை. தண்ணீர் மோட்டர் எரிந்தது. அறுபது டொலருக்கு வாங்கிய வைக்கோல் உருளை நூற்றுப் பத்துக்குப் போனது. கிறிஸ்துநாயகம் பற்றுச்சீட்டுகளைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவார்; கீழே "பாதி" என்ற ஒரு சொல். பத்திநாதன் அன்றே அனுப்பிவிடுவான். முதல் கன்றுகள் விற்ற காசு அடுத்த குளிர்காலத்து வைக்கோலுக்குப் போனது. வீட்டுக்கு ஒரு சதமும் வரவில்லை. "இப்பிடித்தான் தம்பி, மூண்டாம் வருசம்தான் மாடு பேசத் தொடங்கும்" என்றார் அவர்.

மூன்றாம் வருடம் விலை விழுந்தது. மழை பொய்க்கும் என்று வானொலி சொல்லச் சொல்ல, தீனி இல்லாமல் போகும் என்ற பயத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் மாட்டைச் சந்தைக்கு ஏற்றினார்கள். பத்திநாதன் வேலை செய்த அறைக்குள் இறைச்சி மலையாக வந்தது. மேலதிக நேரம் செய்து கை மரத்துப்போனது. வெட்டுகிற ஒவ்வொரு துண்டும் தன்னுடைய மாட்டின் விலையை இன்னும் கொஞ்சம் இறக்குகிறது என்று அவனுக்குத் தெரியும்.

ஒக்டோபரில் அழைப்பு வந்தது.

"எல்லாத்தையும் குடுத்திட்டன் பத்தி. கிலோ ரெண்டு டொலருக்கும் கேப்பாரில்லை. இன்னும் வச்சிருந்தால் வைக்கோல் எங்களைத் தின்னும்."

செலவு கழித்து ஒன்பதாயிரத்து நானூறு டொலரை ஒரு உறையில் போட்டு, கோயில் வாசலில் வைத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது அவர் கண் கலங்கியது. பத்திநாதன்தான் அவரைத் தேற்றினான். "நீங்கள் என்ன செய்யிறது அண்ணை, சந்தை அப்பிடி." காணியை அஸ்பரகஸ்காரனுக்குக் குத்தகைக்குக் கொடுத்தாயிற்று, இனி அந்தப் பக்கம் வந்து மனதை நோகப்பண்ணாதே என்று அவர் சொன்னார். அவன் போகவில்லை.

இந்த வருடம் விலை மறுபடி ஏறியது. பெப்ரவரியில் அவன் மணிக்கட்டு கத்தியைப் பிடிக்க முடியாமல் போனது. எலும்பு பிரிக்கும் அறையிலிருந்து வெளியே, உயிருள்ள மாடுகள் இறங்கும் பட்டிக்கு மாற்றினார்கள். அதைப் பற்றிக் கிறிஸ்துநாயகத்திடம் சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை. சொல்லியிருந்தால் அந்த ஆறு பசுக்களும் வேறு தொழிற்சாலைக்குப் போயிருக்கும்.

*

தேநீர் இடைவேளையில் நரேன் அவன் முன்னால் வந்து உட்கார்ந்தான். ஈரோட்டுக்காரன். ஊரில் கால்நடை மருத்துவம் படித்தவன். அந்தப் பட்டம் இங்கே செல்லாது. வெட்டிய மாட்டின் ஈரலையும் நுரையீரலையும் பார்த்து முத்திரை குத்துகிற வேலை. "மாடு உயிரோட இருக்கற வரைக்கும் நான் டாக்டர் இல்லண்ணே, செத்தாத்தான் என்கிட்ட காட்டுவாங்க" என்பான்.

"என்னண்ணே, பேயடிச்ச மாதிரி இருக்கீங்க?"

"தம்பி, காலமை வந்த ஆறும் என்ர மாடு."

"ஃபோர்மன் கூட இந்த ஃபேக்டரியே அவனோடதுன்னுதான் சொல்றான்." சிரித்தவன், முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "நிசமாவா?"

பத்திநாதன் சொன்னான். அதிகம் கதைக்கிற ஆள் இல்லை அவன். சொல்லி முடிக்க இரண்டு நிமிடம் போதுமாக இருந்தது.

"உங்க மாடுன்னா உங்க பேர்ல பதிஞ்சிருக்கலாமே?"

"என்ர விசாவில ஏலாது."

"யாரு சொன்னா?"

"அந்த அண்ணைதான்."

"மாட்டுக்கு விசா கேக்கறவன் எவண்ணே? மாடு என்ன, ஓட்டா போடுது?" நரேன் கைபேசியை எடுத்து, விவசாயத் திணைக்களத்தின் விண்ணப்பத்தைத் திறந்து மேசையில் வைத்தான். "பாருங்க. பேரு. போன் நம்பர். மாடு நிக்கற எடம். என்ன மாடு, எத்தன மாடு. நெலம் வாங்கறதுன்னா அது வேற சட்டம். அடுத்தவன் நெலத்துல மேய்க்கறதுக்கு என்ன? இதுல விசான்னு ஒரு வார்த்த இருந்தா காட்டுங்க, நான் இப்பவே வேலய விட்டுட்டு ஈரோட்டுக்குப் போயிடறேன்."

பத்திநாதன் விரலால் தள்ளித் தள்ளிக் கடைசி வரை போனான். மறுபடி மேலே வந்தான். ஒரு பக்கம்தான்.

பன்னிரண்டு வருடமாக அவன் எத்தனை யன்னல்களின் முன்னால் நின்று "ஏலாது" என்ற சொல்லைக் கேட்டிருக்கிறான். கடன் ஏலாது. படிப்பு ஏலாது. ஊரில் தகப்பன் செத்தபோது, போய்வர ஏலாது. அந்த வரிசையில் இதுவும் ஒன்றாக வந்து நின்றுகொண்டது. அதைச் சரிதானா என்று பார்க்க அவனுக்குத் தோன்றவேயில்லை. யாராவது "ஏலும்" என்று சொல்லியிருந்தால்தான் சந்தேகப்பட்டிருப்பான்.

வேலை முடிந்து போகும்போது நரேன் ஓடி வந்து அவன் கையில் எதையோ வைத்தான். கழுவியிருந்தான். பதினேழாம் தோடு.

"குப்பைக்குப் போக வேண்டியது. வச்சுக்கங்க."

*

சனிக்கிழமை பின்னேரம் பத்திநாதன் கூ-வீ-ரப்புக்குப் போனான். படலையில் புதிய பூட்டு. சைப்பிரஸ் மர வரிசைக்கு அப்பால் மாடுகள் நின்றன. அஸ்பரகஸ் ஒரு தளிர்கூட இல்லை. அவன் வேலியில் சாய்ந்து எண்ணினான். சிலுவைத் தோட்டோடு பதினான்கு. அவற்றோடு பதினொரு கன்றுகள், காதில் புதிய நீலத் தோடுகளோடு.

அவனைக் கண்டதும் மாடுகள் வேலிக்கு வந்தன. அவனை அடையாளம் கண்டு வரவில்லை. வேலியில் ஒரு மனிதன் நின்றால் வைக்கோல் வரும். அவற்றுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நான்கு சக்கர மோட்டார் சைக்கிளில் கிறிஸ்துநாயகம் வந்து இறங்கினார்.

"ஆ, பத்தி! சொல்லாமல் கொள்ளாமல் வந்திருக்கிறாய். பிள்ளை என்ன மாதிரி? உறுதிபூசுதலுக்குச் சட்டை தைச்சாச்சோ?"

"பதினேழு வந்தது அண்ணை."

"என்ன பதினேழு?"

"பதினேழு, மூண்டு, எட்டு, ஒன்பது, பன்னிரண்டு, இருவது."

கிறிஸ்துநாயகம் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார்.

"நீ உள்ளுக்கு இறைச்சி வெட்டுறனியெல்லோ?" என்றார்.

அதற்குப் பிறகு கேட்க ஒன்றும் இல்லை என்று பத்திநாதனுக்குத் தோன்றியது. இருந்தும் நின்றான். "கை ஏலாமல் போச்சு. இப்ப வெளியால நிக்கிறன்."

"எனக்குச் சொல்லேல்லையே."

"ஓம். சொல்லேல்லை."

அவர் வேலிக் கட்டையில் கையை ஊன்றினார். "இஞ்ச பார் தம்பி. நான் விக்கத்தான் நினைச்சனான். லொறிக்கும் சொல்லி வச்சனான். பிறகு மனம் கேக்கேல்லை. அண்டைக்குச் சந்தையில போன விலையைத்தான் உனக்குத் தந்தனான். உன்னட்டை நான் வாங்கினன் எண்டு வை. அதுக்குப் பிறகு வைக்கோல் போட்டது ஆர்? நீயோ?"

"அதைச் சொல்லியிருக்கலாமே அண்ணை."

"சொன்னால் நீ தந்திருப்பியோ?"

பத்திநாதன் கன்றுகளைப் பார்த்தான். ஒரு கன்று தாயின் மடியை முட்டி முட்டிக் குடித்துக்கொண்டிருந்தது.

"தந்த காசைத் திருப்பித் தாறன். வைக்கோல் காசையும் கழியுங்கோ. மிச்சத்துக்கு எத்தினை மாடு வருமோ அதைத் தாங்கோ. பிள்ளைக்கெண்டு வாங்கினது. உங்களுக்குத் தெரியும்."

"பேப்பர் இருக்கோ?"

அவர் அதைக் கோபமாகக் கேட்கவில்லை. லொறிச் சாரதி கையெழுத்துக் கேட்பதைப் போலக் கேட்டார்.

"தோட்டில சிலுவை போட்டிருக்கிறன்" என்றான் பத்திநாதன். சொன்னபோதே அது எவ்வளவு சின்னதாக ஒலிக்கிறது என்று அவனுக்குக் கேட்டது.

"சிலுவை எல்லாரும்தான் போடுறது. கோட்டுக்கு, வழக்குக்கு எண்டு போனால், முதல் கேள்வி அந்தக் காசு எங்கால எண்டுதான் வரும். வேலை செய்யக் கூடாத நேரத்தில அஸ்பரகஸ் வெட்டின காசும் அதுக்குள்ள கிடக்கு. விசாக்காரனுக்கு அது தெரிய வந்தால்?"

"அந்த வேலையைத் தந்ததே நீங்கள்தானே."

"ஓம், நான்தான். எனக்கு ஃபைன் அடிப்பாங்கள், கட்டுவன். உனக்கு?"

காற்றில் சைப்பிரஸ் மரங்கள் ஒருமுறை அசைந்து நின்றன. கிறிஸ்துநாயகம் கிட்ட வந்து அவன் தோளில் கையைப் போட்டார். குரல் பழைய குரலாக மாறியது.

"நான் உன்னை விட்டிடுவனோடா? பிள்ளைக்கு அஞ்சு பவுணில சங்கிலி செய்விச்சு வச்சிருக்கிறன். உறுதிபூசுதல் அண்டு கழுத்தில போடுவன். பக்கத்தில நான்தானே நிக்கவேணும்? போ. போய்ச் சந்தோசமா இரு."

*

"வாங்குவம்" என்றாள் றோசலின்.

குசினிக் கதிரையில் உட்கார்ந்து கிறிஸ்ரினாவின் வெள்ளைச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அழுது முடித்திருந்தாள். அழுது முடித்தால் அவள் கணக்குத்தான் பார்ப்பாள்.

"அஞ்சு பவுண் இப்ப என்ன விலை போகுது தெரியுமே? மாடு இனி வராது. வாறதை வாங்கி வைப்பம்."

"அந்த ஆள் பிள்ளையின்ர தோளில கை வைக்கவேணுமே."

"கைதானே. பிறகு சட்டையைத் தோய்க்கலாம்."

அவள் சொன்னது சரி என்று பத்திநாதனுக்குப் பட்டது. போன வருடம் பத்து வயது முடிந்தபோது, இங்கேயே பிறந்து வளர்ந்தவள் என்பதால் கிறிஸ்ரினா இந்த நாட்டுப் பிரஜையாகிவிட்டாள். வீட்டில் அவள் மட்டும்தான். அவர்கள் இருவரும் இல்லாத ஒரு நாளில் அந்தச் சங்கிலி அவள் கழுத்தில் இருக்கும். வாயை மூடிக்கொள்ளத் தரும் கூலி என்றாலும் பவுண் பவுண்தான். அவன் ஓம் என்றான்.

ஞானஸ்நானத்தை உறுதிப்படுத்தும் அந்த உறுதிபூசுதல் ஜூன் மாதத்து ஞாயிறு ஒன்றில் நடந்தது. ஆயர் வந்திருந்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராக முன்னால் போக, பின்னால் நிற்கும் ஞானத்தகப்பனோ ஞானத்தாயோ வலது கையைப் பிள்ளையின் தோளில் வைக்க, ஆயர் நெற்றியில் எண்ணெய் பூசினார். கிறிஸ்துநாயகம் புதிய கோட்டில் வந்திருந்தார். கோட்டுப் பையில் நகைப்பெட்டி புடைத்துத் தெரிந்தது. வழியெங்கும் ஆட்களுக்குக் கை கொடுத்தபடி போய் வரிசையில் கிறிஸ்ரினாவுக்குப் பின்னால் நின்றார். படம் எடுப்பவன் சைகை காட்டினான். அவர் சிரித்தார்.

கிறிஸ்ரினாவின் முறை வந்தது. கை உயர்ந்தது. விரித்த கை. கோயில் வாசலில் ஒருநாள் அவன் முகத்துக்கு முன்னால் விரித்துக் காட்டிய அதே கை.

தான் எழுந்தது பத்திநாதனுக்குத் தெரியாது. நடுப்பாதையில் நடந்துகொண்டிருப்பது மட்டும் தெரிந்தது. றோசலின் அவன் கோட்டைப் பிடித்து இழுத்தாள், துணி நழுவியது. அவன் போய்க் கிறிஸ்துநாயகத்தின் மணிக்கட்டைப் பிடித்தான். படலைக் கொளுக்கியைக் கழற்றுவது போல, அவசரமில்லாமல், மகளின் தோளிலிருந்து அந்தக் கையை எடுத்து அவர் பக்கமாக விட்டான். பிறகு தன் கையை அங்கே வைத்தான்.

பாட்டுக் குழு பாடிக்கொண்டே இருந்தது. பங்குச் சுவாமியார் குனிந்து, தகப்பன் நிற்கக் கூடாது, அது முறையில்லை என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்.

"தெரியும் ஃபாதர். இண்டைக்கு வேற ஆள் இல்லை."

ஆயர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கிறிஸ்துநாயகத்தின் முகத்தில் படத்துக்காகச் சிரித்த சிரிப்பு இறங்க வழி தெரியாமல் நின்றது. அவர் ஒரு அடி பின்னால் வைத்தார். இன்னும் ஒரு அடி. முன் வரிசைகளில் இருந்த மன்னார் ஆட்கள் எல்லாரும் அதைப் பார்த்தார்கள். ஆயர் பிள்ளையிடம் பெயர் கேட்டார். அவள் சொன்னாள். எண்ணெய் பூசினார்.

*

காரில் வீட்டுக்குப் போனார்கள். ஹீதர்டன் வீதியில் இரண்டு சிவப்பு விளக்கு தாண்டிய பிறகு றோசலின் சொன்னாள்.

"அஞ்சு பவுண்."

"ஓம்."

"அந்த ஆள் இனிக் கோள் மூட்டப்போகுது. விசாக்காரனுக்கு எழுதிப் போட்டாலும் போடும்."

"போடட்டும்."

"என்ன போடட்டும்? அந்தச் சங்கிலிக்காக இவ்வளவு நாளும் நான் வாயைக் கட்டி வச்சுக்கொண்டு இருந்தது எதுக்கு? சொல்லியிருந்தால் நானும் வந்து மற்றக் கையைப் பிடிச்சிருப்பன்."

பின் சீற்றில் கிறிஸ்ரினா முதலில் சிரித்தாள். பிறகு அம்மா சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்தினாள். பத்திநாதன் கழற்றிப் பின்னால் எறிந்திருந்த கோட்டின் பையிலிருந்து எதையோ எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் அட்டை. அதைத் தன் காதில் பிடித்து யன்னல் கண்ணாடியில் பார்த்தாள்.

"வட்ஸ் திஸ் அப்பா? செவன்ரீன்?"

"தோடு. மாட்டின்ர."

"ஹூஸ் கவ்?"

முன்னால் விளக்குப் பச்சையாகியது. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான்.

"எங்கட" என்றான் பத்திநாதன். "பதினாலு இன்னும் நிக்குது."

றோசலின் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தாள்.

"கண்டுகளையும் சேர்த்துச் சொல்லுங்கோ" என்றாள்.